நிபந்தனையுள்ள தானம்

கொடுப்பவன், கொடுக்கும் வேளையிலேயே, இதை நீ இவ்வாறுதான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிட்டால், அவன் கொடுத்தது தானமாகுமா, அன்றித் தானத்தின் வேஷம் பூண்ட ஒப்பந்தமாகுமா? பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம், கொடுப்பது கடமை என்ற ஒரே எண்ணத்தினால், தனக்கு உபகாரம் எதுவும் செய்யாதவனுக்கு, தேசமும் காலமும் பாத்திரமும் அறிந்து கொடுப்பதைச் சாத்விகம் என்றும், கைம்மாறு கருதிக் கொடுப்பதை ராஜஸம் என்றும் வகுத்து வைத்திருக்கிறது. கீதையை ஒரு நாளும் திறந்து பாராதவர்கள் பலர் கூடி, கணினி நிரல்களை முன்னிட்டு, இதே விசாரணையைச் சென்ற 40 ஆண்டுகளாக மிகுந்த உஷ்ணத்தோடு நடத்தி வருகிறார்கள். திறந்த மூல மென்பொருள் ஒரு பக்ஷம், பெருநிறுவனங்களின் வியாபார முறை எதிர்ப்பக்ஷம் என்று அந்த வழக்கைச் சித்திரிப்பதே வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சித்திரத்தில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கொடுக்க மறுப்பவனைக் கண்டிப்பதற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் வேண்டியதில்லை. கொடுக்கிறவர்கள் இருவர், எப்படிக் கொடுப்பது என்று தங்களுக்குள் மாறுபடும்போதுதான் விஷயம் ஆழமாகிறது.

மனிதன் படித்து அறியத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைகளை மூல நிரல் என்கிறோம். கடைக்கு வருவதோ பெரும்பாலும் யந்திரம் மட்டுமே படிக்கத்தக்கதாக மாற்றப்பட்ட வடிவம். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமாகிய ஏ.டி. அண்டு டி., தன் ஆராய்ச்சிச்சாலையில் பிறந்த யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை, 1970-களில் சர்வகலாசாலைகளுக்கு மூல நிரலோடு வழங்கி வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் அதன் 6-ஆம் பதிப்புக்கு வியாக்கியானம் எழுதி மாணாக்கருக்குப் பாடம் சொன்னார். 1979-இல் வெளிவந்த 7-ஆம் பதிப்பின் உரிமத்திலோ, மூல நிரலை வகுப்பறையில் பாடமாக வைக்கலாகாது என்ற தடை புகுந்தது. லயன்ஸின் வியாக்கியானம் நகலுக்கு நகல் எடுக்கப்பட்டு, மறைவாகக் கை மாறிக் கை மாறி உலகமெங்கும் உலவலாயிற்று. ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சர்வகலாசாலை ஒன்றில் ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம், காட்டக் கூடாத ஒன்றைக் கற்பிப்பது எங்ஙனம் என்று அலுத்து, தாமே ஒரு சிறிய இயங்குதளத்தை அடியிலிருந்து எழுதி, அதற்கு மினிக்ஸ் என்று பெயரிட்டு, ஏறக்குறைய 12,000 வரிகளையும் 1987-இல் தமது பாடநூலின் பின்னிணைப்பாகவே அச்சிட்டுவிட்டார். வித்தியாதானம் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிட நேரான உதாரணம் தேட வேண்டியதில்லை.

ஆயினும் அந்த மினிக்ஸ் அக்காலத்தில் பதிப்பகத்தாரின் உரிமத்துக்கு உட்பட்டே இருந்தது. படிக்கலாம், விருப்பப்படி மாற்றி ஊரெங்கும் வழங்க இயலாது. ஹெல்சிங்கி நகரத்து மாணாக்கராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நூலைப் படித்து, மினிக்ஸில் பழகி, 1991-இல் தமக்கென ஒன்றை எழுதத் தொடங்கினார், அதுவே லினக்ஸ். முதலில் அதற்கு அவர் வகுத்த நிபந்தனை, அதைக் கொடுத்து எவரும் பணம் வாங்கலாகாது என்பது. மறுவருஷமே அதைக் கைவிட்டு, ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்திருந்த பொது உரிமத்தை ஏற்றுக்கொண்டார். இந்த மாற்றத்தில் அடங்கியுள்ள தர்ம நுட்பம் சிறிதன்று. பணம் வாங்கலாம், எவ்வளவு வேண்டுமாயினும் வாங்கலாம். ஆனால் நிரலை அப்படியேயோ மாற்றியோ இன்னொருவனுக்குக் கொடுக்கும்போது, மூல நிரலையும், உனக்குக் கிடைத்த அதே சுதந்திரங்களையும் அவனுக்குச் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்த உரிமத்தின் சாரம். லோபத்தை அது தடுக்கவில்லை, பூட்டைத் தடுத்தது. 1984-இல் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தமக்கிருந்த உத்தியோகத்தை விட்டு விலகி, கட்டற்ற மென்பொருள் எழுதும் காரியத்தில் இறங்கிய ஸ்டால்மன், கடவுளை நம்பாதவர்; எனினும், பிறர் தனக்குச் செய்ய வேண்டுமென்று விரும்புவதைத் தான் பிறர்க்குச் செய்தல் என்ற பழைய சமய விதியைத்தான் தம் செய்கைக்கு ஆதாரமாக, 1985-இல் அச்சான அறிக்கையில் காட்டினார்.

2000-ஆம் ஆண்டில் டானன்பாமின் மினிக்ஸும் விடுதலை பெற்றது. ஆனால் வேறு விதமான விடுதலை. பெர்க்லி சர்வகலாசாலையின் வழிவந்த அந்த உரிமம், ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதே என்பதைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. எடுத்துக்கொள், மாற்று, மறைத்துக்கொள், விற்று வாழ். எனக்குத் திருப்பித் தர வேண்டியது ஒன்றுமில்லை. கீதையின் அளவுகோலை நேரே வைத்துப் பார்த்தால், இதுவே சாத்விகம். ஸ்டால்மனுடையது நிபந்தனையினால் ஒரு படி கீழிறங்கியது என்றுதான் முதற்பார்வைக்குத் தோன்றும்.

சில ஆண்டுகளுக்குப் பின் இன்டெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் டானன்பாமிடம் மினிக்ஸைப் பற்றிப் பல சந்தேகங்கள் கேட்டார்கள், நினைவக அளவைக் குறைப்பதற்கு வேண்டிய சில மாற்றங்களையும் கேட்டுப் பெற்றார்கள், அதன்பின் மௌனமாகிவிட்டார்கள். 2017-இல்தான், இன்டெல் சில்லுகளோடு பிணைந்து, கணினியை நிர்வகிக்கும் பொருட்டு அமைந்த ஒரு தனிப் பொறிக்குள் மினிக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை வெளியார் ஆராய்ந்து சொன்ன செய்தியினால் அவர் அறிந்தார். அந்தப் பொறி, கணினியை அணைத்து வைத்திருந்தாலும் மின்சாரம் இருக்கும் வரையில் விழித்திருக்கும். நினைவகத்தையும் வலையிணைப்பையும் அணுகவல்லது. கணினியை விலை கொடுத்து வாங்கியவனுக்கோ அதற்குள் எட்டிப் பார்க்க உரிமையும் இல்லை, உபாயமும் இல்லை. டானன்பாம் இன்டெலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். மினிக்ஸ் இத்தனை கோடி யந்திரங்களில் வாழ்வதற்காக நன்றி. எனக்குச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. மரியாதைக்காக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது அதன் கருத்து. கட்டுப்பாடற்ற உரிமத்தைத் தாம் தேர்ந்தது சரியே என்றும் அதில் சாதித்தார். பின்னர், ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஒற்றனை வைப்பது பெருந்தீங்கு என்றும், அவர்கள் அத்தகையதொன்றைச் செய்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்திருந்தால் தாம் ஒத்துழைத்திருக்கவே மாட்டேன் என்றும் ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டியவரானார்.

அந்த மனிதரின் நிதானத்தை நான் வணங்குகிறேன். கொடுத்ததைக் கணக்கில் வைக்காத மனம் அவருடையது. ஒரு வார்த்தை மட்டும் கேட்டார். ஆனால் அந்தப் பின்குறிப்புத்தான் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. கொடுத்தவருக்கு நஷ்டமில்லை, பெற்றவருக்கு லாபம், மூல மினிக்ஸும் ஒரு வரி குறையாமல் அப்படியே இருக்கிறது. பின் எதற்காக அந்தக் குறிப்பு? அவர் கொடுக்கையில் எண்ணத்தில் வராத மூன்றாமவன் ஒருவன் இருக்கிறான் என்பதனால்தான். கணினியை வாங்கி மேஜைமேல் வைத்துக்கொண்டு, அதற்குள் தனக்குத் தெரியாத ஓர் எஜமானனையும் சேர்த்து வைத்துக்கொண்டவன் அவன்.

தானத்தைப் பற்றிய நம் சிந்தனை பெரும்பாலும் கொடுப்பவனுடைய சித்தசுத்தியிலேயே நிலைத்துவிட்டது. பெறுபவனுடைய தகுதிவரைக்கும் சற்றே நீண்டது. பெற்றவன் கையிலிருந்து அது எங்கே போகிறது என்று சாஸ்திரம் அதிகம் கேட்கவில்லை. சாசனங்கள் கேட்டன. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைப்பதென்றால், 96 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் என்று இடையரிடம் ஒப்புவித்து, தொகை குறையாமல் காத்து, நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த நெய்யில் ஒரு துளியும் கொடுத்தவன் வீட்டுக்குப் போவதில்லை. அது விளக்குக்கு, விளக்கின் ஒளி, சந்நிதிக்கு வருகிற எவனுக்கும். நிபந்தனை இருந்தது; அதனால் தானம் வியாபாரமாகிவிடவில்லை. ஆடு தேயக்கூடிய பொருள், நிரல் தேயாத பொருள் என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம், நியாயமே. நிரலில் தேய்வது பொருளன்று, அதன் கீழ் வாழ்கிறவனுடைய ஸ்வாதீனம். கைம்மாறு தாதாவை நோக்கித் திரும்பினால்தான் தானம் ராஜஸமாகிறது. முன்பின் அறியாத மூன்றாமவனை நோக்கி அது முன்னே செல்லுமானால், கீதையின் பாகுபாட்டில் அதற்குக் குற்றம் சொல்ல இடமில்லை என்பதே என் அபிப்பிராயம்.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்கிற நம் மூதுரையைத்தான் ஸ்டால்மன் வழியாரும் பெர்க்லி வழியாரும் ஒருங்கே தள்ளிவிட்டார்கள். எந்தக் காரியத்துக்கும் எவரும் பயன்படுத்தலாம் என்பது இருவகை உரிமங்களுக்கும் பொது. டக்ளஸ் கிராக்ஃபோர்ட் என்ற அமெரிக்கர், தம் நிரலை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு ஆகாது என்று உரிமத்தில் ஒரு வாக்கியம் எழுதி வைத்தார். தங்கள் வாடிக்கையாளர்கள் அதைத் தீமைக்குப் பயன்படுத்தமாட்டார்கள் என்று உறுதி கூற இயலாது, ஆகையால் விசேஷ அனுமதி வேண்டும் என்று ஒரு பெரிய நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டதாகவும், தாம் அந்த அனுமதியை அளித்ததாகவும் அவரே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஸ்டால்மனைச் சார்ந்த கட்டற்ற மென்பொருள்காரர்களும் அந்த வாக்கியத்தை ஏற்கவில்லை. நன்மை தீமையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தாதாவின் கையில் விட்டால் அதுவும் ஒரு பூட்டு என்பது அவர்கள் வாதம். நான் இதில் அவர்கள் பக்கம்.

உழைத்தவனுக்குக் கூலி எங்கே என்ற கேள்வியையும் தட்டிவிடலாகாது. 1976-இல் பில் கேட்ஸ், தாங்கள் எழுதிய பேசிக் நிரலைப் பணம் கொடாமல் நகலெடுத்துக் கொள்கிறவர்களைக் கடிந்து எழுதிய கடிதத்தில், தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று முறையிட்டார். முறையீட்டில் உண்மை இல்லாமற் போகவில்லை. உலகத்து வங்கிகளும் அரசாங்கங்களும் தங்கள் ரகசியங்களை ஒப்புவித்திருந்த ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த மூல நிரலில் 2014-இல் பெரும் பிழை ஒன்று வெளிப்பட்டபோது, அதைக் காத்து வந்தவர்களுக்கு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது வருஷத்துக்கு 2,000 டாலர் அளவே என்பது தெரிந்தது. கொடாதவனை வைதுவிட்டுக் கொடுத்தவனைப் பட்டினி போடுகிற உலகம் இது. ஸ்டால்மனுடைய உரிமம் மூல நிரலை அடுத்தவனுக்குக் கொடுக்கச் சொல்கிறது, நெய்யைக் கேட்கவில்லை.

நிபந்தனையே எங்கும் சிறந்தது என்றும் நான் சொல்லவில்லை. 1993 ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையம், டிம் பெர்னர்ஸ்-லீயின் வலை நிரலை எந்தக் கட்டுப்பாடும் இன்றிப் பொதுச்சொத்தாக விட்டது. அதே ஆண்டில் மினசோட்டா சர்வகலாசாலை, வலைக்குப் போட்டியாக இருந்த தன் கோஃபர் நிரலுக்குக் கட்டணம் பேசத் தொடங்க, ஜனங்கள் அங்கிருந்து வலைக்குப் பெயர்ந்தார்கள். எல்லாரும் பேச வேண்டிய பொது மொழி போன்றதொன்று நிபந்தனையின்றிப் பரவுவதே நலம். ஒருவனுடைய வீட்டுக்குள் புகுந்து அவனை ஆளக்கூடிய யந்திரத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

1998-இல் சிலர் கூடி, ஸ்டால்மனுடைய தர்மப் பேச்சு வியாபாரிகளை மிரளச் செய்கிறது என்று கருதி, பலர் கண் பட்டால் பிழை குறையும், செலவு குறையும் என்று பிரயோஜனத்தையே முன்னிறுத்தி, திறந்த மூலம் என்ற பெயரை நாட்டினார்கள். காரியம் பலித்தது, லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-இல் தன் தலைவர் வாயால் சொன்ன மைக்ரோசாப்ட், 2018-இல் திறந்த மூல நிரலாளர்களின் பெரிய கூடமாகிய கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் பயனுக்காகத் திறந்த கதவு, பயன் மாறியபோது நிறுவனங்களால் சாத்தப்படுவதையும் பார்த்துவிட்டோம்: மாங்கோடிபி 2018-இல், எலாஸ்டிக் 2021-இல், ஹாஷிகார்ப் 2023-இல், ரெடிஸ் 2024-இல். தங்கள் நிரலைப் பெரிய மேகக்கணினி வியாபாரிகள் எடுத்து விற்றுத் தங்களுக்கு ஒன்றும் விடவில்லை என்பது அவர்களில் சிலருடைய முறையீடு. பொய்யென்று சொல்ல மாட்டேன். அவர்களுள் எலாஸ்டிக்கும் ரெடிஸும் பின்னர் மனம் மாறிக் கதவைத் திறந்தும் விட்டார்கள்.

நிபந்தனைக்காரர்களுக்குள்ளேயே நேர்ந்த பிளவு இதைவிட முக்கியமானது. டீவோ என்று ஒரு தொலைக்காட்சிப் பதிவுக் கருவி, உள்ளே லினக்ஸ். உரிமம் கேட்டபடி நிறுவனத்தார் மூல நிரலை வெளியிட்டார்கள். ஆனால் வாங்கியவன் அதில் ஒரு வரியை மாற்றி ஏற்றினால், கையொப்பம் பொருந்தவில்லை என்று கருவி ஓட மறுத்துவிடும். எழுத்தில் சுதந்திரம் உண்டு, யந்திரத்தில் இல்லை. 2007-இல் ஸ்டால்மன் தம் உரிமத்தின் 3-ஆம் பதிப்பில் இந்தத் தந்திரத்துக்குத் தடை எழுதினார். டோர்வால்ட்ஸ் அதை ஏற்க மறுத்து, லினக்ஸை 2-ஆம் பதிப்பிலேயே நிறுத்திக்கொண்டார். நான் நிரலைக் கொடுத்தேன், நீ செய்த திருத்தத்தை நிரலாகவே திருப்பிக் கொடு. உன் பெட்டியை நீ எப்படிப் பூட்டுகிறாய் என்பது என் விவகாரமன்று என்பது அவர் நியாயம். நேர்மையான நியாயமே, ஆனால் அங்கே கைம்மாறு தாதாவை நோக்கித் திரும்பிவிடுகிறது, மூன்றாமவன் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறான். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் அடியிலும் அந்த லினக்ஸே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் தாங்கள் மாற்றிய மூல நிரலை உரிமத்தின்படி வெளியிட வேண்டியவர்கள். அதைத் தரவிறக்கிப் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதைத் தன் கைப்பேசியில் ஏற்றப் புகுந்தால், பல கைப்பேசிகளில் தொடக்க நிரல் பூட்டப்பட்டிருக்கிறது, திறவுகோல் தயாரிப்பாளரிடம்.