கால் பழகிய பின் கண் எங்கே?

கியர் போட்டு ஓட்டும் கார் ஒன்றை நீங்கள் பழகியவராயின் முதல் நாள் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். கால் இரண்டு, மிதி மூன்று. வலக்கை ஸ்ரீயறிங்கைப் பிடிக்க இடக்கை கியரைத் தேடும். வலக்கால் பெற்றோலைக் கொடுக்கும் வேளையில் இடக்கால் கிளச்சை விடவேண்டும். ஒன்று போகும் அளவுக்கு மற்றது வரவேண்டும். சற்றுப் பிசகினால் கார் ஆட்டுக்குட்டி போலத் துள்ளி நின்றுவிடும். பின்னால் வருபவர் ஹோர்ண் அடிப்பார். மதிலோரம் நிற்பவர்கள் சிரிப்பார்கள். காரே இல்லாத வீட்டார் இதைத் தள்ளிவிட்டுப் போகவேண்டாம். வள்ளம் விடுபவருக்கும் வகுப்பு நடத்துபவருக்கும் செபமாலை சொல்பவருக்கும் உரிய விடயம்தான் இது.

நான் பழகியது 1979ஆம் ஆண்டில், ஒரு பழைய மொறிஸ் மைனரில். கோயில் வளவுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணிதான் பள்ளிக்கூடம். பழக்கியவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்த ஒரு முதியவர். அந்தக் காரில் மற்றக் கியர்களுக்கு இருக்கும் சிங்குரோமெஷ் என்னும் ஒத்திசைவுப் பொறி முதலாம் கியருக்குக் கிடையாது. ஆகவே கார் முற்றாக நின்ற பின்னரே முதலாம் கியரைப் போடவேண்டும். உருண்டுகொண்டிருக்கையில் தள்ளினால் பற்சக்கரங்கள் கறகறவென்று அழும். முதியவர் முகத்தைச் சுளித்து, "தம்பி, இரும்புதானே எண்டு நினைக்காதையும். அதுக்கும் நோகும்" என்பார்.

கிளச் என்பதை அவர் இரண்டு கைகளையும் உரசி விளங்கப்படுத்தினார். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் தட்டு ஒன்று. நிற்கும் சில்லுகளோடு தொடர்புள்ள தட்டு மற்றொன்று. மிதியை அழுத்தினால் அவை பிரியும், விட்டால் சேரும். திடீரெனச் சேர்த்தால், ஓடுவது நிற்பதை இழுக்க மாட்டாமல் தானும் நின்றுவிடும். மெல்லச் சேர்த்தால் இரண்டும் உரசி, ஒன்று சற்றுத் தணிய மற்றது சற்று எழ, ஒரே வேகத்துக்கு வந்துவிடும். திருமண ஆயத்த வகுப்பு நடத்தும் குருவானவர்கள் வேண்டுமானால் இந்த உவமையை எடுத்துக்கொள்ளலாம்; எனக்கு இங்கே வேறு அலுவல் உண்டு. அந்த உரசும் இடத்தைக் கால் தானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எந்தப் புத்தகமும் அதைக் காலுக்குப் படிப்பிக்காது.

ஒரு மாதத்தில் கால் பழகிவிட்டது. நற்பண்பும் தொழிலும் இவ்வாறுதான் வருகின்றன என்று பழைய கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் கண்டார்: வீடு கட்டிக் கட்டியே ஒருவன் மேசனாகிறான். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை எடுத்து, நமது ஒழுக்கவியலின் அத்திவாரக் கற்களுள் ஒன்றாக வைத்தார். பழக்கம் ஒரு கொடை. புதிதாக ஓட்டுபவன் தன் காலையே நினைத்துக்கொண்டிருப்பதால் எதிரே நிற்கும் ஆட்டைக் காண்பதில்லை. கால் பழகினால் கண் விடுதலை பெறுகிறது. ஆனால் விடுதலை பெற்ற கண் எங்கே போகிறது? என் கேள்வி இதுதான்.

1982ஆம் ஆண்டு ஒரு மாலைவேளை பருத்தித்துறை வீதியால் வந்துகொண்டிருந்தேன். வேகம் 25 மைலுக்கு மேலில்லை. மனம் ஒரு காணி வழக்கில் கிடந்தது. ஒழுங்கையொன்றிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பெரியவர்களின் சைக்கிளில், பாருக்குக் கீழால் காலை விட்டு மிதித்துக்கொண்டு வெளியே வந்தான். பிறேக்கை அழுத்தினேன், போதவில்லை. சைக்கிளின் முன்சில்லு எட்டுப்போல வளைந்துவிட்டது. பையனுக்கு முழங்காலில் தோல் உரிந்ததோடு சரி. கூடிய சனம் ஒரே குரலில், "பெடியன் பாராமல் வந்தவன்" என்றது. தகப்பன் ஓடி வந்து, பையனின் முதுகில் இரண்டு அடி போட்டு, "ஐயா குறை நினையாதேங்கோ" என்றார். நான் "பரவாயில்லை" என்று சொல்லிக் காரை எடுத்தேன். மன்னிக்கவேண்டியவன் நான் என்பது போலச் சொன்ன அந்தப் "பரவாயில்லை" இன்றுவரை என் காதில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்த பின்புதான் ஒன்று புலப்பட்டது. அந்த ஒழுங்கைக்கு முந்திய அரை மைல் தூரம் எனக்கு நினைவிலேயே இல்லை. அங்கே ஒரு வளைவு உண்டு. நாலாம் கியரிலிருந்து மூன்றுக்கு இறங்கி மீண்டும் நாலுக்குப் போயிருப்பேன். எல்லாவற்றையும் காலும் கையும் செய்து முடித்திருக்கின்றன. அந்த வேகத்தில் கார் ஒரு செக்கனுக்கு 11 மீற்றர் போகும். ஒரு நிமிடத்துக்கு மேலாக அந்தக் காரில் சாரதி இருக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

இது பாவமா? சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். எனக்கு அறிவும் இல்லை, சம்மதமும் இல்லை. பையனோ உண்மையாகவே பாராமல் வந்தவன். ஒரு கிழமை இப்படி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தேறுதலைக் கெடுத்தவரும் புனித தோமஸ்தான். மனச்சம்மதம் பற்றிப் பேசுமிடத்தில் அவர் ஒரு கப்பலைக் காட்டுகிறார். சுக்கானைப் பிடிக்கவேண்டியவன் பிடிக்காமல் விட்டதனால் கப்பல் மூழ்கினால், அந்த மூழ்குதல் அவன் கணக்கிலேயே சேரும். பிடிக்கக்கூடியவனாகவும் பிடிக்கவேண்டியவனாகவும் இருந்து ஒருவன் பிடிக்காமல் விட்டால், அந்தச் "செய்யாமை"யும் அவனுடைய செயலே. பாசையூர், குருநகர்க் கரைகளில் வாழ்பவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. வள்ளத்தைப் பாரில் ஏற்றியவன் திரும்பி வந்து, "நான் ஒண்டும் செய்யேல்லையே" என்றால், கரையில் காத்து நிற்கும் பெண்கள் ஏற்றுக்கொள்வார்களா? முன்பு இலத்தீனில் நாம் சொன்ன பாவசங்கீர்த்தன மன்றாட்டில் சிந்தனை, சொல், செயல் ஆகிய மூன்று மட்டுமே இருந்தன. 1969ஆம் ஆண்டுத் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தில் கடமை தவறுதல் நாலாவதாக வந்து சேர்ந்தது. மார்பில் தட்டிக்கொண்டு அதைச் சொல்லும்போது, செய்யாமல் விட்ட எந்தக் காரியத்தை நினைக்கிறோம்? பெரும்பாலும் எதையுமில்லை. அந்த மன்றாட்டும் கால் பழகியதுபோல வாய் பழகியதாகிவிட்டது.

"எந்நேரமும் மனத்தைக் கட்டிவைக்க மனிதனால் முடியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செபத்தில் மனம் தன்னையறியாமல் அலைந்தாலும், தொடக்கத்தில் இருந்த நல்ல நோக்கத்தினால் அச்செபம் பயனற்றுப் போவதில்லை என்று அதே தோமஸ் சொல்கிறார். செபமாலையின் நாலாம் காரணிக்கத்தில் கறிக்கு உப்புப் போட்டோமா என்று நினைக்கும் தாய்மாருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் செபத்தில் நம் மனம் அலைந்தால் இறைவனின் முழங்கால் உரிவதில்லை. வீதியில் அப்படியல்ல. நம் கவனம் அங்கே வேறொருவருக்குச் சொந்தமானது. அதை நாம் வேறு அலுவலுக்கு எடுப்பது ஏறக்குறைய பிறர் பொருளை எடுப்பதற்குச் சமம்.

பழகும் நாட்களில் நான் கவனமாகத்தான் ஓட்டினேன். ஏன்? அச்சம். கார் நின்றுவிடுமோ, சிரிப்பார்களோ, பரீட்சகர் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற அச்சம். எல்லாம் என்னைப் பற்றியது. திறமை வந்ததும் அச்சம் போயிற்று. அச்சத்தின் பின்னால் வந்த கவனமும் கூடவே போயிற்று. இறையச்சத்தைப் பற்றிப் பேசுகையில் நம் இறையியலார் அடிமையின் அச்சம், பிள்ளையின் அச்சம் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். அடிமை அடிக்கு அஞ்சுகிறான். பிள்ளை தகப்பனின் மனம் நோகுமே என்று அஞ்சுகிறது. அன்பு வளர வளர முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எல் போட்டைக் கழற்றிய அன்று என்னிடம் இருந்தது முதலாவது மட்டுமே. அதனால்தான் அது போனபின் எதுவும் மிஞ்சவில்லை.

இவையெல்லாம் வீதிப் பொலிசாரின் வேலை, திருச்சபைக்கு இதில் என்ன என்பாரும் உளர். 2ஆம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டில் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், வாகன வேகக் கட்டுப்பாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவோரைக் குறிப்பிட்டே கண்டித்தது. 2007ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வத்திக்கானின் திருப்பீட அவையொன்று வீதியைப் பற்றிய மேய்ப்புப்பணி ஏட்டில் சாரதிகளுக்குப் பத்துக் கட்டளைகளையே வெளியிட்டது. அப்போது சிலர் சிரித்தார்கள். அதன் முதலாவது கொலை செய்யாதே என்பது. ஒன்பதாவது வீதியில் எளியவரின் பக்கம் நிற்பது. நமது நாட்டில் 2023, 2024 ஆகிய ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் 2000க்கு மேற்பட்டோர் வீதிகளில் மடிந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வராது.

எளியவர் யார் என்று கேட்டதும் என் வழக்கு முடிந்துவிட்டது. பிழை யாருடையது என்று சட்டம் கேட்கும். நல்ல சமாரியனோ அந்த மனிதனை அடித்தவனல்லன். ஆனாலும் சத்திரக்காரனுக்குக் கூலி கொடுத்தவன் அவன். நானோ சில்லை வளைத்தவன். ஒரு சதமும் கொடாமல் வந்தவன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதைக் கடைசியில், சின்னக் காரியம் போலச் சொன்னேன். சுவாமியார் முன்பு சொன்னவற்றையெல்லாம் விட்டுவிட்டு, "சில்லைத் திருத்திக் குடுத்தீரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "சரி, அதைத் திருத்தலாம். பெடியன் வாங்கின அடியை ஆர் திருத்துறது?" என்றார். அந்த வீட்டுக்குப் போவதே எனக்குக் கிடைத்த அபராதம்.

போனேன். சைக்கிள் கடையில் புது றிம் போட்டுக் கம்பி இறுக்கிக் கொடுத்தது சுலபம். தகப்பன் முன்னிலையில் பையனைக் கூப்பிட்டு, "நீ பாராமல் வந்தது மெய்தான் தம்பி. ஆனால் நானும் பார்க்கேல்லை" என்று சொல்வதுதான் தொண்டையில் நின்றது. தகப்பன் நம்பவில்லை, "ஐயாவுக்குப் பெரிய மனசு" என்றார். பையன் நம்பினான். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

இப்போது என் பேத்தி கார் பழகுகிறாள். "ஓட்டோ கியர் கார் வாங்கினால் இந்தக் கரைச்சல் இல்லையே அப்பப்பா?" என்று கேட்கிறாள். தானியங்கிக் கியர் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 1940ஆம் ஆண்டு மாதிரியிலேயே வந்துவிட்டது. இடக்கால் இயலாதவர்களுக்கு அது பெரிய உபகாரம். நான் அதைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாதம் பாடுபட்டு நாங்கள் பெற்ற விடுதலை அதில் முதல் நாளே கிடைத்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் எனக்குக் காணி வழக்கு வந்து குந்தியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசி வந்து குந்துகிறது.

போன சனிக்கிழமை அவள் முதன்முறையாக மூன்றாம் கியர்வரை பிசகாமல் போட்டுக் கோயிலைச் சுற்றி வந்து நிறுத்தினாள். முகத்தில் பெருமை. நான் கியரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பிள்ளை, வந்த வழியில என்னத்தைக் கண்டனி?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "ஒரு ஆச்சி. இரண்டு நாய். பிறகு, மதிலோட சாத்தின ஒரு சைக்கிள்."

"சைக்கிள்காரன் எங்க நிண்டவன்?"

அவள் காணவில்லை. நானும் காணவில்லை. மறுபடி ஒரு சுற்று வந்தோம்.