ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம்: ஒப்பந்தமும் நாணயமும்

(குடியாத்தத்தில் ஜும்ஆவுக்கு முன் நிகழ்த்தப்பட்ட பயானின் எழுத்து வடிவம்)

 



சென்ற மாதம் அமெரிக்காவில் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் போன் செய்தார். ஸலாம் சொன்னார், வீட்டாரை விசாரித்தார், பிறகு தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். “ஹஜ்ரத், இங்கே என் பிளானில் போனில் எவ்வளவு வேண்டுமானாலும் நெட் பார்க்கலாம். அதே நெட்டை ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் எடுத்தால் மாதாமாதம் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஒரு ஆப் இருக்கிறது, அதைப் போட்டால் கம்பெனிக்குத் தெரியாது. ரூமில் நாலு பேரும் அப்படித்தான் செய்கிறோம். காசு கொடுத்து வாங்கிய நெட்தானே? இது கூடுமா, கூடாதா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நம் ஜமாஅத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் தம்பியிடம் விவரம் கேட்டேன், கிதாபுகளையும் புரட்டினேன். அந்தப் பிள்ளைக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஊரில் இன்று விற்கும் சாதாரண ரீசார்ஜ்களில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் காசு கேட்கும் வழக்கம் இல்லை. ஆனாலும் கேள்வி நம் வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

நம் பக்கத்து வியாபாரத்தை வைத்தே யோசியுங்கள். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒருவர் லெதரைச் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். ஆயிரம் அடி அளந்தார், விலை பேசினார், பணமும் வாங்கிக்கொண்டார். வாங்கியவர் வண்டியில் ஏற்றும்போது, “ஷூ தைத்தால் இந்த விலை, பெல்ட் தைத்தால் அடிக்கு இன்னும் பத்து ரூபாய் தரணும்” என்கிறார். மண்டியில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பெல்ட் தைத்ததால் விற்றவருக்கு ஓர் அடி தோல்கூட அதிகம் செலவாகவில்லையே! கூடுதலாக எதையும் கொடுக்காமல் கூடுதலாகக் காசு கேட்கிறார். ஒருவர் பொருளை மற்றவர் தவறான முறையில் உண்ணக்கூடாது என்று சூரா நிஸாவின் 29ஆம் வசனத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். இது அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

தினம் 1.5 ஜிபி என்று அளந்து விற்ற டேட்டாவும் இப்படித்தான். அதைப் போனில் செலவழித்தாலும் லேப்டாப்பில் செலவழித்தாலும் 1.5 ஜிபி 1.5 ஜிபிதான்.

ஆனால் அந்தப் பிள்ளை வாங்கியது அளந்த டேட்டா அல்ல. இங்கேதான் நான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

முதலில் நிபந்தனை என்ற விஷயம். அப்துல் வாரிஸ் இப்னு ஸயீத் (ரஹ்) பற்றிய ஒரு சம்பவம் மதரஸாவில் ஓதியவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பொருளை நிபந்தனை போட்டு விற்றால் என்ன சட்டம் என்று மூன்று இமாம்களிடம் அவர் கேட்டார். விற்பனையும் செல்லாது, நிபந்தனையும் செல்லாது என்றார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). விற்பனை செல்லும், நிபந்தனை செல்லாது என்றார்கள் இப்னு அபீ லைலா (ரஹ்). இரண்டும் செல்லும் என்றார்கள் இப்னு ஷுப்ருமா (ரஹ்). ஒரே கேள்விக்கு மூன்று பதில்! அவர் திகைத்துப்போய்த் திரும்ப மூவரிடமும் போனார். மூவரும் ஆளுக்கு ஒரு ஹதீஸை ஆதாரமாகக் காட்டினார்கள்.

இப்னு ஷுப்ருமா காட்டியது ஜாபிர் (ரலி) அவர்களின் ஒட்டகச் சம்பவம். பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அந்த ஒட்டகத்தை விலைக்கு வாங்கினார்கள். மதீனா போய்ச் சேரும்வரை நானே ஏறி வருவேன் என்று ஜாபிர் நிபந்தனை கேட்டார், கிடைத்தது. ஊர் வந்ததும் விலையையும் கொடுத்து, ஒட்டகத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் நபியவர்கள் (நூல்: புகாரி). இப்னு அபீ லைலா காட்டியது பரீரா (ரலி) சம்பவம். அவரை விற்ற எஜமானர்கள், விடுதலை செய்தவருக்குச் சேர வேண்டிய உரிமையைத் தங்களுக்கே வேண்டும் என்று கேட்டார்கள். அல்லாஹ்வின் வேதத்துக்கு மாற்றமான நிபந்தனை நூறு முறை போடப்பட்டாலும் செல்லாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் மக்கள் முன் எழுந்து பேசினார்கள் (நூல்: புகாரி). நபியவர்கள் விற்பனையோடு நிபந்தனை சேர்ப்பதையே தடுத்தார்கள் என்ற அறிவிப்பை இமாம் அபூஹனீஃபா காட்டினார்கள். நம் ஹனஃபி மத்ஹபில்கூட, மக்களிடம் வழக்கமாகிவிட்ட நிபந்தனைக்குப் பிற்கால உலமாக்கள் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே “கம்பெனி நிபந்தனை போட்டாலே அது செல்லாது” என்று ஒரே வார்த்தையில் யாராலும் முடித்துவிட முடியாது.

அடுத்தது, நெட் என்பது தோலைப் போல எடுத்துக் கையில் கொடுக்கும் பொருள் அல்ல. கம்பெனியின் டவரை ஒரு மாதத்துக்கு நாம் பயன்படுத்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். இது விற்பனையைவிட இஜாராவுக்கு, அதாவது வாடகைக்கு, நெருக்கமானது. வாடகைப் பொருளை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஹிதாயாவில் இமாம் மர்கீனானி (ரஹ்) விவரமாகப் பேசியிருக்கிறார்கள். அவர்கள் வஃபாத்தாகி 800 ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பாடத்தை இப்போது மறுபடி பார்த்தபோது, நம் கேள்விக்காகவே எழுதிவைத்தது போல இருந்தது.

வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அதில் தன்னோடு வேறு ஆளையும் தங்கவைக்கலாம். நீ மட்டும்தான் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் நிபந்தனை போட்டிருந்தாலும் அதற்குப் பயன் இல்லை. ஏனென்றால் ஆள் மாறுவதால் வீட்டுக்கு நஷ்டம் வருவதில்லை. ஆனால் கொல்லுப் பட்டறை போடுபவர், துணி வெளுப்பவர், மாவு அரைப்பவர் ஆகியோரை உரிமையாளர் சம்மதம் இல்லாமல் வைக்கக்கூடாது. அந்தத் தொழில்கள் கட்டடத்துக்குச் சேதம் தரும். சவாரி மிருகத்தின் விஷயமே வேறு. இன்னார் ஏறுவார் என்று பேசி எடுத்திருந்தால் வேறு ஆளை ஏற்ற முடியாது, ஆளுக்கு ஆள் சுமை மாறும். இத்தனை எடை பஞ்சு ஏற்றுவதாகப் பேசிவிட்டு அதே எடைக்கு இரும்பை ஏற்றக்கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். எடை ஒன்றுதான். ஆனால் இரும்பு முதுகில் ஒரே இடத்தில் அழுந்தும். எவ்வளவு நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள்!

இதை ஹாட்ஸ்பாட்டில் வைத்துப் பாருங்கள். அளந்து கொடுத்த டேட்டாவுக்கு “லேப்டாப்பில் எடுக்காதே” என்பது, வீட்டில் நீ மட்டும் இரு என்பது போன்ற பயனற்ற நிபந்தனை. அதற்காகத் தனிக் காசு வாங்குவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் “எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்” என்று ஒரு போனைக் கணக்குப் பண்ணி விலை வைத்திருக்கும்போது, அதில் நாலு லேப்டாப்பை மாட்டினால் அது ஒருவர் ஏறும் ஒட்டகத்தில் நாலு பேர் ஏறுவது. அங்கே கம்பெனி சொல்வதில் நியாயம் உண்டு.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கும் இதே இடத்தில்தான் போய் நின்றது. வெரைசன் என்ற பெரிய கம்பெனி ஹாட்ஸ்பாட்டுக்கு மாதம் 20 டாலர் தனியாக வாங்கிவந்தது. அந்தக் காசு கட்டாமல் நெட்டைப் பகிர உதவும் செயலிகளைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காமல் செய்யும்படி கூகுளிடமும் கேட்டுக்கொண்டது. ஆனால் 2008இல் ஓர் அலைவரிசையை ஏலத்தில் எடுத்தபோது, மக்கள் தங்கள் விருப்பப்படி கருவியையும் செயலியையும் பயன்படுத்துவதைத் தடுப்பதில்லை என்ற விதிக்கு உட்பட்டுத்தான் அது எடுத்திருந்தது. 2012 ஜூலையில் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையத்திடம் 12.5 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது. அளவு வைத்த பிளான்காரர்கள் தனிக் காசு இல்லாமல் பகிரலாம் என்று ஆனது. அளவில்லாத பழைய பிளான்காரர்களிடம் வாங்குவதற்குத் தடை வரவில்லை. ஹிதாயா போட்ட அதே கோடு!

நம் நாட்டிலும் இதற்குப் பக்கத்தில் ஒன்று நடந்தது. 2014 டிசம்பரில் ஏர்டெல் நிறுவனம், ஸ்கைப், வைபர் போன்றவற்றில் இன்டர்நெட் வழியாகப் பேசினால் அது சாதாரண டேட்டா பேக்கில் சேராது, தனிக் கட்டணம் உண்டு என்று அறிவித்தது. வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு அது என்ன செய்தி என்று நினைத்துப் பாருங்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அறிவிப்பை வாபஸ் வாங்கினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. எதைப் பார்க்கிறீர்கள், எதில் பேசுகிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம். இந்த விதி உள்ளடக்கத்தைப் பற்றியது, கருவியைப் பற்றியது அல்ல.

பயன்பாட்டைப் பார்த்து விலை வைப்பது எல்லாமே அநியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்க் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். அதே யூனிட்டுக்குக் கடைக்காரர் காசு கட்டுகிறார். இந்த வித்தியாசம் எளியவர் பக்கம் சாய்கிறது. ஹாட்ஸ்பாட் கட்டணம் பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்கிறது? ரூமுக்குத் தனி வைஃபை போட முடியாதவர்தான் போனிலிருந்து எடுக்கிறார். 2020இல் பள்ளிகள் மூடியபோது ஒரே போனை நம்பி எத்தனை வீடுகள் இருந்தன! கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 ஜிபி தரும் டேட்டா கார்டை 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசே கொடுக்க வேண்டி வந்தது. அரசு கொடுத்த லேப்டாப் 2011 முதல் எத்தனையோ வீடுகளுக்கு வந்திருக்கிறது. அதற்கு உயிர் கொடுத்தது அப்பா போனின் ஹாட்ஸ்பாட்தான்.

சூரா மாஊனின் கடைசி வசனம் அற்பப் பொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டிக்கிறது. சட்டி, வாளி, கோடரி போல அண்டை வீட்டார் இரவல் கேட்கும் சாமான்கள் என்று ஸஹாபாக்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சை ஃபார்ம் அப்லோட் பண்ணப் பத்து நிமிடம் ஹாட்ஸ்பாட் கேட்டால், அது இன்றைய வாளி. அளந்து வாங்கிய டேட்டா உங்களிடம் இருந்தால் தயங்காமல் கொடுங்கள்.

சரி, கம்பெனியின் நிபந்தனை அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அந்த மறைக்கும் ஆப்பைப் போடலாமா? அது என்ன செய்கிறது என்று கேட்டேன். நெட்டில் போகும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் ஓர் எண் இருக்குமாம். லேப்டாப்பிலிருந்து போனைக் கடந்து போகும்போது அது ஒன்று குறையும். அதைப் பார்த்துக் கம்பெனி கண்டுபிடிக்கும். ஆப் அந்த எண்ணைத் திருத்தி, எல்லாமே போனிலிருந்து வந்தது போலக் காட்டும். இதற்குத் தமிழில் பெயர் பொய். நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருந்ததைக் கண்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தைச் சொன்னார்களே (நூல்: முஸ்லிம்), அந்தக் குவியலும் மேலே பார்க்கக் காய்ந்துதான் இருந்தது. உனக்குத் துரோகம் செய்தவருக்கும் நீ துரோகம் செய்யாதே என்ற கருத்திலும் ஹதீஸ் இருக்கிறது (நூல்: திர்மிதீ). நிபந்தனை பிடிக்காவிட்டால் சண்டை போடலாம், புகார் எழுதலாம், வேறு கம்பெனிக்கு மாறலாம். சரி என்று டிக் அடித்துவிட்டு ஒளிந்து செய்ய வழி இல்லை. ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற சூரா மாயிதாவின் முதல் வசனத்தில் எதிர்த்தரப்பு பணக்காரராக இருந்தால் என்று விதிவிலக்கு எதுவும் இல்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். நம் தெருக்களில் ஒரே ஈபி கனெக்ஷனில் மூன்று குடும்பங்களைக் குடிவைத்து, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர்களே ஒரு ரேட் வைக்கிறோம். 100 யூனிட் அரசு இலவசமாகக் கொடுப்பது யார் பையில் போகிறது? பில் ஏறினால் ஸ்லாப் மாறும், யூனிட் விலை கூடும், உண்மை. அதைக் கணக்குப் போட்டுப் பில்லைக் காட்டி வாங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பில்லையே காட்டாமல் வாங்குவது? மகள் பிரசவத்துக்கு வந்து நாற்பது நாள் தங்கினால் “தண்ணீர்க் காசு கூடக் கொடு” என்று கேட்பது? அந்த வீட்டில் கொல்லுப் பட்டறையா போட்டார்கள்? பாத்தியாவில் பேசும்போதெல்லாம் போன் கம்பெனிகளைத் திட்டுகிறோம். தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றி சூரா முதஃப்பிஃபீன் ஆரம்பிக்கிறது. அதை ஓதும்போது நமக்கு டவர்கள் மட்டும் ஞாபகத்துக்கு வரக்கூடாது.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வாரம் கழித்துச் சொன்னேன்: உன் பிளான் அளவில்லாதது, நாலு பேர் ஏறியிருக்கிறீர்கள், மறைத்தும் செய்திருக்கிறீர்கள். ஆப்பை எடுத்துவிடு. தவ்பா செய். இதுவரை எடுத்ததற்கு எத்தனை மாதக் கட்டணம் வரும் என்று கணக்குப் பார்த்து, கம்பெனியிடமே சொல்லிக் கட்ட வழி இருக்கிறதா என்று கேள். “கஸ்டமர் கேரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் ஹஜ்ரத்” என்றார். சிரிக்கட்டும் என்றேன்.

போன வாரம் மெசேஜ் வந்தது. நாலு பேரும் காசு சேர்த்து ரூமுக்கு ஒரு லைன் போட்டுவிட்டார்களாம். கஸ்டமர் கேரில் பேசியவருக்குப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனதாம். பழைய மாதங்களுக்குப் பணம் வாங்க அவர்களிடம் வழி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். அந்தத் தொகையை என்ன செய்வது என்று மறுபடி கேட்டிருக்கிறார். கம்பெனிக்கு எழுத்தில் ஒரு தடவை கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை என்றால், நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துப் பொறுப்பை இறக்கிக்கொள்ளச் சொல்வேன்.

குத்பாவுக்கு நேரமாகிவிட்டது. சுன்னத் தொழாதவர்கள் தொழுதுகொள்ளுங்கள்.