கற்போர் கையும் ஏழையர் மனமும்

"நான் அழுவதையும் அந்தப் பிள்ளைக்குப் பாடமாகக் கொடுக்க வேண்டுமா, தம்பி? பழகிக்கொள்வதற்கு நம் மனந்தானா கிடைத்தது?"

பூச்சோங்கில் என் வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அம்மையார் ஒருவர், ஒரு நாள் மாலை, வாசற்படியில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னரே என்னைக் கேட்ட கேள்வி இது. அதில் பாதி கோபம், பாதி நியாயம். கோபம் அன்றே தணிந்துவிட்டது. நியாயமோ இன்னும் விடை கேட்டு நிற்கின்றது. ஆகவே அக்கேள்வியை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

நடந்த சங்கதி இதுதான். அவ்வம்மையார் தோட்டத்தில் பிறந்தவர், லயத்தில் வளர்ந்தவர், பத்து வயதிலேயே தாயாருடன் பால்மரத்தடிக்குப் போனவர். ரப்பர்க் காடும் ஈயக் குட்டையுமாய்க் கிடந்த பூச்சோங் இன்று வேறு ஊர். 1996-இல் பேரங்காடி வந்தது. 2016-இல் இரயில் வந்தது. காசல்பீல்டு, கின்ராரா என்னும் தோட்டப் பெயர்கள் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் பெயர்ப் பலகையில் நிலைத்திருப்பதைப் பார்த்துத்தான் இளையோர் பழங்கதையை அறிகின்றனர். தோட்டம் விற்கப்பட்டபோது லயத்தில் ஒன்றாயிருந்தவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறி மலிவு அடுக்குமாடிகளில் ஏறினார்கள். அம்மையாரும் அப்படி ஏறியவரே. கணவர் இறந்த பிறகு அவருக்கு உறக்கம் போயிற்று. அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துபோவார். சன்னலோரம் மணிக்கணக்காய் உட்கார்ந்திருப்பார். வீட்டார் முதலில் கண்ணேறு என்றார்கள். பிறகு பூசாரியிடம் போனார்கள். பிறகு அரசாங்கக் கிளினிக்குக்கு வந்தார்கள். மாத்திரை உறக்கத்தைக் கொடுத்தது. நெஞ்சின் பாரத்தை அது இறக்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் மகள் ஓரிடத்தை விசாரித்து அறிந்தாள். அங்கே ஒரு மணி நேரப் பேச்சுக்கு முப்பது வெள்ளி. தனியார் நிபுணர்களோ நூற்றைம்பது, இருநூறு என்று வாங்குகின்றனர். விலைக் குறைவின் இரகசியம் முதல் நாளே வெளிப்பட்டது. எதிரே அமர்ந்த இளம்பெண், "அம்மா, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள். நாம் பேசுவதை என் ஆசிரியை ஒருவர் கேட்டு எனக்கு வழி சொல்லுவார். உங்களுக்குச் சம்மதமானால் பதிவு செய்துகொள்வோம், இல்லையானால் வேண்டாம்" என்று சொல்லியிருக்கின்றாள். அதைக் கேட்டுத்தான் நம் அம்மையார் எழுந்து வந்துவிட்டார்.

அவருடைய கோபத்திற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்ததில்லை, டிரெசர் இருந்தார். டாக்டர் எப்போதோ ஒரு நாள் காரில் வந்து, கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும், பிரசவத்திற்கும், பாம்புக் கடிக்கும் டிரெசரே தெய்வம். அவர்களில் கைராசியும் கருணையும் உள்ளவர்கள் பலர் இருந்தார்கள். அதை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் டிரெசருக்கு எவ்வளவு தெரியும், எது தெரியாது என்பதைத் தொழிலாளிக்கு எவரும் சொன்னதில்லை. அவர் தவறினால் அதைக் கண்டுபிடிக்கும் கண்ணும் பக்கத்தில் இல்லை. துரைக்கு வியாதி வந்தால் கார் பட்டணத்திற்குப் பறக்கும். அரை வைத்தியம் நமக்கு, முழு வைத்தியம் அவர்களுக்கு என்னும் ஏற்பாட்டில் வளர்ந்த ஒருவருக்கு, "நான் படித்துக்கொண்டிருப்பவள்" என்னும் சொல் வேறு எப்படிக் கேட்கும்?

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம்மவர் ஒரு பழமொழி சொல்வதுண்டு. பேர் அன்று, வேர் என்பதே சரியான பாடம். ஆயிரம் மூலிகை வேரைக் கண்டறிந்தவனே அரை வைத்தியனாவான் என்பது பொருள் என்று திருத்துவாரும் உண்டு. எந்தப் பாடம் மூலம் என்று வழக்காட நான் வரவில்லை. ஜனங்கள் நாவில் எது நிலைத்தது என்பதே எனக்கு வேண்டிய செய்தி. வேர் பேராகத் திரிந்ததற்குக் காது மட்டுமன்று, அனுபவமும் காரணமாயிருக்கலாம்.

இனி எதிர்க்கட்சியின் நியாயத்தையும் கேட்போம். எந்தத் தொழிலையும் செய்தே கற்கவேண்டும். நீந்துவதைப் புத்தகத்தில் படித்தவன் ஆற்றில் மூழ்குவான். இன்று இருநூறு வெள்ளி வாங்கும் நிபுணரும் ஒரு காலத்தில் முதன்முதலாக ஒருவர் எதிரே நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவரே. ஆகையால் கற்போர் எவரையும் தொடக்கூடாது என்றால் அடுத்த தலைமுறைக்கு ஆலோசகரே இருக்கமாட்டார். தேவையோ பெருகுகின்றது. மலேசிய சுகாதார அமைச்சின் ஆய்வுப்படி மனச்சோர்வுக்கு ஆளானோர் 2019-இல் நூற்றுக்கு 2.3 பேர், 2023-இல் 4.6 பேர், அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை இந்நாடு நீக்கியதே 2023-இல்தான். பேசினால் சிறை என்னும் பயம் நீங்கியது. பேச வருவோருக்குக் காது வேண்டாமா?

இந்த ஏற்பாடு புதியதும் அன்று. 1918-ஆம் ஆண்டு, முதல் உலக யுத்தம் முடியும் தறுவாயில், புடாபெஸ்ட் நகரில் கூடிய மாநாட்டில் சிக்மண்ட் பிராய்டு பேசினார். அறுவைச் சிகிச்சைக்கு ஏழைக்குள்ள உரிமை மனச் சிகிச்சைக்கும் உண்டு. இலவச நிலையங்கள் தோன்றும் காலம் ஒன்று வரும் என்பது அவர் பேச்சின் சாரம். இரண்டே ஆண்டில், 1920 பிப்ரவரியில், மாக்ஸ் ஐட்டிங்கோன், எர்ன்ஸ்ட் சிம்மல் முதலியோர் பெர்லினில் அத்தகைய நிலையத்தைத் திறந்தார்கள். ஐட்டிங்கோன் தம் சொந்தப் பணத்தையே அதில் போட்டார். வந்தவர்கள் இயன்றதைக் கொடுத்தார்கள், இயலாதவர்கள் கொடுக்கவில்லை. மாணவர்கள் அங்கே நோயாளிகளைப் பார்த்தார்கள், அனுபவசாலிகள் மேற்பார்த்தார்கள். இன்று உலகெங்கும் மனச் சிகிச்சைப் பயிற்சியில் வழங்கும் மேற்பார்வை முறைக்கு அந்த நிலையம் ஒரு முக்கிய ஊற்று. 1933-இல் நாஜிகள் வந்தனர். யூதரான ஐட்டிங்கோன் நாட்டை விட்டு வெளியேறினார். நிலையம் போயிற்று, முறை நிலைத்தது. ஏழைக்கு உதவி, மாணவனுக்குக் கல்வி என்னும் இரண்டையும் ஒரே அறையில் வைத்த முறை அது.

இரண்டும் ஒரே அறையில் இருப்பதுதான் சங்கடம் என்பார் அம்மையார். சரி, அந்த அறைக்குள் நடப்பதைப் பார்ப்போம். மாணவி பேச்சைக் குறித்துக்கொள்கின்றாள். வாரந்தோறும் ஆசிரியையிடம் அதைக் கொண்டுபோகின்றாள். ஆசிரியை, "அந்த அம்மாள் கணவரின் சட்டையைப் பற்றிச் சொன்னபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்? மௌனத்தை உன்னால் தாங்க முடியவில்லையா?" என்று கேட்கின்றார். வந்தவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைக் கோடி காட்டினாலும், அன்றைக்கே அது மேலிடத்திற்குப் போகவேண்டும். தேவையானால் மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாணவிக்கு மருந்தெழுதும் அதிகாரமில்லை. கேட்டதை அந்த ஆசிரியையைத் தவிர வேறெங்கும் சொல்லவும் கூடாது. பழைய லயத்து ஜனங்கள் ஒருவர் சங்கதியை ஒருவர் தேநீர்க் கடையில் விற்கும் ஊரில் இது சாமான்யமான காரியமன்று. இப்படிப் பார்த்தால், முப்பது வெள்ளி கொடுப்பவர் நான்கு காதுகளை வாங்குகின்றார். இருநூறு கொடுப்பவர் பெரும்பாலும் இரண்டைத்தான் வாங்குகின்றார். பல ஆண்டு ஆனவரின் தவறு பூட்டிய கதவுக்குப் பின்னே யாருக்கும் தெரியாமல் நடந்துவிடலாம். மாணவியின் தவறு அடுத்த வாரமே மேசைமேல் வந்துவிடுகின்றது.

இதற்கு அத்தாட்சியும் உண்டு. கோவாவில் விக்ரம் படேல் முதலானோர் உள்ளூர்ச் சாதாரணப் பெண்களைப் பயிற்றி, அரசாங்க சுகாதார நிலையங்களில் மனச்சோர்வும் கலக்கமும் உடையோருக்கு ஆலோசனை கூறச் செய்தார்கள். அங்கு வந்தவர்கள் பலன் பெற்றதை 2010-இல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகை வெளியிட்டது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிமாரை வைத்துக்கொண்டு, கிளினிக் வாசலில் ஒரு விசுப்பலகையைப் போட்டு வேலை தொடங்கினார். அதன் பயனும் 2016-இல் முறைப்படி சோதித்து நிறுவப்பட்டது. அந்தப் பாட்டிமாருக்கும் கோவாப் பெண்களுக்கும் மருத்துவத் துறைப் பட்டம் இல்லை. ஆனால் பின்னால் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். தோட்டத்து டிரெசருக்குக் குறைவாயிருந்தது அறிவு அன்று, பின்னால் நிற்கும் ஆள்.

நிற்க. பலன் உண்டு என்பதால் மட்டும் நியாயம் என்றாகிவிடாது. ஒருவனுக்குத் தெரியாமல் அவன் பையில் பணத்தை வைத்தாலும் அவன் பையில் கைவிட்ட குற்றம் குற்றந்தான். ஜெர்மானிய ஞானி காண்ட், 1785-இல் வெளியிட்ட ஒரு நூலில், மனிதனை வெறும் கருவியாக மட்டும் ஒருபோதும் கொள்ளாதே என்று விதித்தார். 'மட்டும்' என்னும் சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரனை நாம் கருவியாகத்தான் கொள்கின்றோம். எனினும் அவன் அறிந்தே விற்கின்றான். அம்மையாரின் துக்கம் மாணவியின் கல்விக்குக் கருவியாகலாமா? அம்மையார் அறிந்து இசைந்தால் ஆகலாம், அறியாதிருந்தால் ஆகாது. ஐரோப்பாவின் தரும ஆஸ்பத்திரிகளில் மாணவர்கள் ஏழைகளின் உடலைக் கேட்காமலேயே பாடமாக்கிய காலம் உண்டு. அங்கே இல்லாமற்போனது திறமையன்று, கேள்வி. ஆகவே அந்த இளம்பெண் முதல் வாக்கியத்திலேயே உண்மையைச் சொன்னதால் அம்மையாருக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வாக்கியந்தான் இருவரையும் சமமாக்கியது. எழுந்து வரும் சுதந்திரத்தை அது கொடுத்தது. அவரும் எழுந்து வந்தார். டிரெசரிடமிருந்து அவருடைய தாயார் எழுந்து வந்திருக்க முடியுமா?

இதை நான் அவரிடம் சொன்னபோது, "அப்படியானால் நான் அவளுக்கு வாத்தியார் என்கிறாயா?" என்றார். ஆம் என்றேன். "வாத்தியாருக்குச் சம்பளம் தருவார்கள்; என்னிடம் முப்பது வெள்ளி வாங்குகிறார்களே!" என்றார். எனக்கு விடை தோன்றவில்லை. இன்னும் தோன்றவில்லை. கட்டணம் குறைவு என்பதைத் தருமமாக விளம்பரம் செய்வோர் இந்தக் கணக்கையும் எழுதிக்கொள்வது நலம். கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது அவர்கள் நினைப்பதுபோல் அவ்வளவு தெளிவாயில்லை.

என் மனத்தை உறுத்துவன வேறு சில. முதலாவது, கற்போர் ஏழையிடம் கற்பதில் அநீதி இல்லை. ஏழையிடம் மட்டும் கற்பதில் உண்டு. பங்சாரில் மாளிகை கட்டியவர் மாணவியின் எதிரே உட்காரும்படி எவரும் சொல்வதில்லை. இந்நாட்டில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதவர் ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு தொழில் நடத்துவதைக் குற்றமாக்கியிருக்கின்றது. நல்லதுதான். ஆனால் பதிவு பெறும் தகுதி யாருடைய கண்ணீரில் விளைந்தது என்பதை எந்தச் சட்டமும் கேட்கவில்லை. பணமுள்ளோரும் மாதம் ஒரு மணி நேரம் கற்போருக்குக் கொடுக்கட்டுமே, குடி முழுகிவிடாது.

இரண்டாவது, பாஷை. மனத்தின் புண்ணை ஒருவர் குழந்தைப் பருவத்து மொழியிலன்றிச் சொல்ல முடியாது. ஆங்கிலத்திலும் மலாயிலும் பயிலும் மாணவர்கள் பலர். 'மனசு அடைச்சிக்கிட்டு இருக்கு' என்பதைக் கேட்டுப் பொருள் கொள்ளத் தெரிந்தவர் சிலர். தமிழறிந்த மாணவிக்கு மேற்பார்வையாளர் தமிழறியாதவராயிருந்தால், அம்மையாரின் சொல் மொழிபெயர்ந்து போய், அறிவுரை மொழிபெயர்ந்து வரும். வழியில் எவ்வளவு சிந்துமோ! நம் பிள்ளைகளை டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிக்க வைப்பதில் காட்டும் ஆவலில் நாலில் ஒரு பங்கை இத்துறையிலும் நம்மவர் காட்டினால் இக்குறை நீங்கும். பைத்தியத்தோடு பேசும் வேலைக்கா படிக்கப் போகிறாய் என்று பெண்ணைத் தடுத்த தகப்பனாரையும் நான் அறிவேன்.

மூன்றாவதே கடியது. அம்மையார், மகளின் வற்புறுத்தலாலோ என் வாதத்தாலோ அன்றித் தம் சொந்த யோசனையாலேயே, மூன்று வாரம் கழித்து மறுபடியும் போனார். போகப் போக உலை மறக்காமல் பொங்கியது. கணவரின் சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்தார். ஆறு மாதம் ஆயிற்று. அந்த இளம்பெண்ணின் பயிற்சிக் காலம் முடிந்தது, அவள் போய்விட்டாள். ஒரு மாதம் முன்னதாகவே அறிவித்து, முறையாக விடைபெற்றுத்தான் போனாள், அவள்மேல் குற்றமில்லை. ஆனால் இழப்பைப் பற்றிப் பேச வந்தவருக்கு, அப்பேச்சைக் கேட்டவளே இன்னோர் இழப்பாய் முடிந்தாள். பணமுள்ளவர் தம் நிபுணரிடம் பத்து ஆண்டும் போகலாம். மலிவாய்ப் பெறுபவருக்குக் காதும் தவணைக்குத்தான் கிடைக்கின்றது. படிப்பின் காலண்டர் துக்கத்தின் காலண்டர் ஆகாது என்பதைப் பயிற்சி நடத்துவோர் அறியாதவரல்லர்; அறிந்தும், ஆள் பற்றாமையால் அப்படியே விட்டிருக்கின்றார்கள். பழையவளும் புதியவளும் சில வாரம் சேர்ந்து உட்கார்ந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக்கொள்ளும்படி செய்தாலாவது பாதி வலி குறையும்.

அவளுக்குப் பின் வந்த பெண்ணைப் பார்க்க அம்மையார் போகமாட்டார் என்றே நினைத்தேன். போனார். திரும்பி வரும் வழியில் என் வீட்டில் ஏறி, தேநீர் குடித்தபடியே நடந்ததைச் சொன்னார். புதியவளும், "அம்மா, நான் இன்னும் படித்துக்கொண்டிருப்பவள்" என்று தொடங்கினாளாம். "அது தெரியும் பிள்ளை. உனக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கு? அதை முதலில் சொல்" என்றாராம் இவர்.