செவலை யாருக்கும் பதிலாக வரவில்லை

மனிதர் இறந்தால் நமக்கு நாள் கணக்கு இருக்கிறது. பால் ஊற்றுவது, பதினாறாம் நாள் காரியம், தலைத்திவசம் என்று வரிசையாக வரும். அந்த வருஷம் தீபாவளி கிடையாது. எவ்வளவு அழுதாலும் ஏதோ ஒரு தேதியில் சொந்தபந்தம் கூடி நின்று, "போதும், எழுந்திரு, இனி நல்லது கெட்டதுக்குப் போ" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிடும். நாய் செத்தால் அப்படி ஒரு தேதி இல்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டும், விடுப்பு கேட்கக் கூச்சம். விசாரிக்கிறவர்களும் வாசலில் நின்றபடியே, "வயசாயிருச்சுல்ல தம்பி, விடுங்க. இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்" என்று முடித்துக்கொள்கிறார்கள்.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989இல் வெளிவந்த தம் நூலில் இந்த வகைத் துயரத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். ஊர் அங்கீகரிக்காத, வெளியே சொல்லி அழ உரிமை தரப்படாத துயரம். வளர்ப்புப் பிராணியை இழந்தவர்களின் நிலை அதற்கு நல்ல உதாரணம். அழுகைக்கு இடம் கிடைக்காத வீட்டில் அடுத்த கேள்வி இன்னும் சிக்கலாகிறது: அடுத்த நாயை எப்போது கொண்டுவரலாம்? கொண்டுவரலாமா?

எங்கள் மணி நாட்டு நாய். பதினான்கு வயது வரை இருந்தான். கடைசியில் சிறுநீரகம் போய், மருத்துவர் வீட்டுக்கே வந்து தோலுக்கடியில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டுப் போவார். ஒரு நாள் மதியம், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சை நிறுத்திக்கொண்டான். ஊர்த் தோட்டத்தில் வேம்புக்குக் கீழே புதைத்தோம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

கொஞ்ச நாளிலேயே கோவில்பட்டிப் பக்கமிருந்து சித்தப்பாவின் போன் வந்தது. தோட்டத்தை விற்றுவிட்டு மகன் வீட்டோடு கோவைக்குப் போகிறார். அடுக்குமாடி வீடு, நாய்க்கு இடமில்லை. ஏழு மாதப் பெண் நாய், சிப்பிப்பாறைக் கலப்பு, தடுப்பூசியெல்லாம் போட்டாயிற்று. "நீங்க எடுத்துக்கிட்டா எனக்கு நிம்மதி. தெரியாத ஆளுகிட்டக் குடுக்க மனசு வரல."

அம்மா ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள். "மண்ணு கூடக் காயலையேடா. அதுக்குள்ள எப்படி இன்னொன்னக் கூட்டிட்டு வர்றது? அவன் படுத்த இடத்துல அது படுத்தா நான் எப்படிப் பாப்பேன்?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இது வெறும் வருத்தமில்லை, விசுவாசத்தின் கேள்வி. இன்னொரு நாயின் தலையைத் தடவினால் மணிக்குத் துரோகம் செய்ததாகுமோ என்கிற பயம் அதற்குள் இருக்கிறது. விசுவாசத்துக்கு நாம் நாயைத்தான் உதாரணம் காட்டுகிறோம். அதனால் நாமும் நாயளவுக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. ஜப்பானின் ஹச்சிகோவை எல்லாருக்கும் தெரியும். வளர்த்த பேராசிரியர் உவேனோ 1925இல் இறந்த பிறகும், 1935இல் தான் இறக்கும்வரை ஷிபுயா ரயில் நிலையத்தில் போய்க் காத்திருந்த நாய். அந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற ஒரு பகுதி உண்டு. அந்த வருஷங்களில் ஹச்சிகோவுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டவர், பேராசிரியர் வீட்டில் முன்பு தோட்ட வேலை பார்த்த கொபயாஷி. ஹச்சிகோ அவர் கையால் சாப்பிட்டது, பிறகு ரயில் நிலையத்துக்கும் போனது. ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை. காத்திருப்பின் உச்சமென்று நாம் கொண்டாடும் உயிரே புதிய கையை ஏற்றுக்கொண்டதென்றால், நமக்கு மட்டும் ஏன் அந்தத் தடை?

நாயின் சாவுக்கு இவ்வளவு யோசிப்பது நகரத்து வசதி வந்தபின் பழகிய வழக்கம் என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு எடத்தனூரைச் சொல்வேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரின் நடுகல், 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்மன் காலத்தது. மாடு கவரும் தொறுப் பூசலில் மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அதில் அவன் பக்கத்தில் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் பொறித்து வைத்திருக்கிறார்கள். கல்தச்சனுக்கு நாயின் பெயரைச் சொல்லிக் கொடுத்த ஒருவர் அந்த ஊரில் இருந்திருக்கிறார். அவரும் பின்னாளில் வேறு நாய் வளர்த்திருப்பார், மாடு மேய்க்கிற ஊரில் நாயில்லாமல் முடியாது. இது என் ஊகம்தான். ஆனாலும் கல் அப்படியேதான் நிற்கிறது.

கடைசியில் செவலை வந்தாள். அம்மா முழுமனதாகச் சம்மதிக்கவில்லை. "எங்கயாச்சும் தெருவுல விட்டுறப் போறாங்க, பாவம்" என்பதுதான் அவளிடமிருந்து கிடைத்த அனுமதி. பெயர் தோட்டத்திலேயே வைத்தது, நாங்கள் மாற்றவில்லை. மணி சாப்பிட்ட அலுமினியத் தட்டைக் கழுவி அம்மா பரணில் வைத்துவிட்டாள். செவலைக்குப் புதுத் தட்டு. அது சரியான காரியம் என்றே நினைக்கிறேன். இறந்த நாயின் பெயரையே புதியதற்கு வைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரோடு செத்த நாயின் குணங்களும் குட்டியின் முதுகில் ஏறிவிடுகின்றன. மணியென்று கூப்பிட்டால் மணியாகத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று வீடு எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

வந்த நாட்களில் வீடு புயல் புகுந்த தென்னந்தோப்பாகிவிட்டது. வாசல் செருப்பு மொட்டை மாடியில் கிடக்கும். கொடியில் காயும் வேட்டியின் நுனி அவள் வாயில் இருக்கும். கேட்டைத் திறந்தால் தெருமுனை வரை பாய்ச்சல். வயதான நாயோடு வாழ்ந்த வீடு தனக்குத் தெரியாமலே சில பழக்கங்களைக் கற்றிருக்கும். கேட்டைத் திறந்து போட்டிருக்கலாம், சாப்பாட்டு மேசையில் பாத்திரத்தை மூடாமல் வைக்கலாம், யாரும் எதுவும் தொடமாட்டார்கள். அந்த அமைதியை நாங்கள் மணியின் குணமென்று நம்பினோம். பெரும்பகுதி அது அவனுடைய மூப்பு.

"மணி இப்படியெல்லாம் பண்ணவே மாட்டான்" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அம்மாதான், கொஞ்சம் கோபமாகவே, ஊஞ்சல் பலகையின் ஓரத்தைக் காட்டினாள். மணியின் பல் பட்ட தடம். பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்தன்று அவன் பந்தலுக்குள் புகுந்து ஜமக்காளத்தை இழுத்துக்கொண்டு ஓடியதையும், அப்பா துரத்திக்கொண்டு ஓடியதையும் அவளே நினைவுபடுத்தினாள். எனக்கு அதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிருந்தது. இழந்தவரைப் பற்றிய நினைவு பெரும்பாலும் அவருடைய கடைசிக் காலத்தில் நிலைகொள்கிறது. பதினான்கு வருஷம் நம்மோடு பழகி நம் குரலின் ஏற்ற இறக்கமெல்லாம் தெரிந்துவைத்திருந்த ஒரு கிழவனோடு ஏழு மாதக் குட்டியை நிறுத்திப் பார்க்கிறோம். அந்தப் போட்டியில் எந்தக் குட்டியும் ஜெயிக்காது. புதிய நாய் அடங்காதது என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பழைய நாய்க்கு இதே வயதானபோது வீடு எப்படி இருந்தது?

இன்னொரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்குச் சற்று நாளாயிற்று. செவலையும் ஒரு வீட்டை இழந்துதான் வந்திருந்தாள். வந்த புதிதில் இரவில் கேட்டுக் கம்பியில் மூக்கை வைத்தபடி நிற்பாள். ஏதாவது பைக் சத்தம் கேட்டால் காது விறைக்கும், சித்தப்பாவின் வண்டி இல்லையென்று தெரிந்ததும் தொங்கிவிடும். பகலில் அத்தனை ஆட்டம் போட்டவள்தான் இவள். அவளுடைய துள்ளலைப் பார்த்து, "இதுக்கு ஒரு கவலையுமில்ல" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பாதி ஆட்டம் பதற்றத்தால் வந்தது. துக்கம் எங்களிடம் மட்டும் இருக்கிறது, அவள் அதை ஆற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்திருந்த கணக்கு அந்தக் கேட்டுப் பக்கத்தில்தான் எனக்கு மாறியது.

மீதிப் பாதி ஆட்டம் அவள் ரத்தத்தில் வந்தது. சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்கள் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்ட வளர்க்கப்பட்டவை. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிறவை. ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, நீண்ட கால். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டை சட்டப்படி குற்றம், அது சரியானதும்கூட. ஆனால் சட்டம் வந்ததால் நாயின் கால் சுருங்கிவிடாது. அந்த ஓட்டத்துக்கு வீட்டில் வழி வைக்காமல் சங்கிலியில் கட்டிப்போட்டால் அது குரைப்பாகவும் கடிப்பாகவும் தோண்டலாகவும் வெளியே வரும். ஆறேழு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம் வேறு. நேற்று வரை சொன்ன பேச்சைக் கேட்டது இன்று காதிலேயே விழாத மாதிரி நிற்கும். இதை அறியாமல் அடிக்கிறவர்கள் அதிகம். அடி வாங்கிய நாய் கையைக் கண்டு ஒதுங்கப் பழகும், அவ்வளவுதான் கற்றுக்கொள்ளும்.

நாங்கள் விடிவதற்கு முன்பே பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போகத் தொடங்கினோம். நீளக் கயிறு, கழுத்தில் இறுக்காத நெஞ்சுப் பட்டை. வெயில் காலத்தில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும், நம்மால் சில நொடி தாங்க முடியாத சூடென்றால் அதன் பாதம் கொப்பளித்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது. ஓடிவிட்டு வந்தால் வீட்டில் மதியம் வரை தூக்கம்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மணியோடு தினமும் நடந்தவர் அவர். மணி போன பிறகு நடப்பதையே விட்டுவிட்டார். புதிய நாய் வந்தால் அப்பா மறுபடி நடப்பார் என்று நாங்கள் எல்லாரும் உள்ளூர நம்பினோம். செவலை ஒரு பூனையைப் பார்த்து இழுத்த இழுப்பில் அவர் சுவரில் மோதி நின்றார். நல்லவேளை, அடியில்லை. முதியவர்களின் தனிமைக்குக் குட்டி நாயை மருந்தாக எழுதிக்கொடுக்கிற பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுபது வயதுக் கைக்கு இருபது கிலோ வேட்டை நாயின் கயிறு ஆகாது. அவர்களுக்கு வளர்ந்து அடங்கிய நாய் பொருந்தும், சென்னை புளூ கிராஸ் மாதிரியான காப்பகங்களில் அத்தகைய நாய்கள் வீட்டுக்காகக் காத்திருக்கின்றன. எங்கள் வீட்டில் கயிறு என் மகள் கைக்குப் போயிற்று. அப்பா சாயங்காலம் சீப்பு எடுத்து வாரிவிடுவார், உண்ணி பார்ப்பார். இப்போது தனியாகத்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார்.

துக்கத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்றும் உண்டு. முந்தைய நாய் பார்வோ வைரஸால் இறந்திருந்தால், மனசு எவ்வளவு அவசரப்பட்டாலும் தடுப்பூசி முடியாத குட்டியை அதே வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஃபினாயிலுக்குச் சாகாது, பிளீச்சிங் கரைசல் வேண்டும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. ஒரே வாசலில் இரண்டு சாவு நேர்ந்த குடும்பங்கள் உண்டு, பெரும்பாலும் இதைச் சொல்ல ஆளில்லாததால்தான்.

அம்மா? அவள் இன்னும் மணியின் இடத்தில் செவலையைப் படுக்க விடுவதில்லை. அடுப்படி வாசலின் அந்த மூலையில் ஒரு முறம் சாத்தியிருக்கும். செவலைக்கு மாடிப்படிக்குக் கீழே சாக்கு விரித்துக் கொடுத்தாள். சில சமயம் "மணி" என்று கூப்பிட்டுவிட்டுச் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்வாள், கண் கலங்கும், எழுந்து போய்த் தயிர்ச்சோறு பிசைவாள். அது செவலைக்கு. "ஒனக்கு முன்னால இங்க ஒருத்தன் இருந்தான் தெரியுமாடி" என்று தொடங்கி அவன் கதையை இவளிடம்தான் சொல்கிறாள். எங்களிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. துக்கம் முடிந்த பிறகு நாய் வர வேண்டும் என்று காத்திருந்தால் அம்மா விஷயத்தில் அந்த நாள் வந்தே இருக்காது.

இனி நாயே வேண்டாமென்று முடிவெடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு மனமில்லையென்றால் அவரிடம் சொல்லாமல் குட்டியைக் கொண்டுவந்து நிறுத்துவதும் வேண்டாம். கொண்டுவருகிறவர்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். அதன் ஆட்டத்தைப் பார்த்து, "பழையது மாதிரி இல்லை" என்று சொல்லிச் சில வாரத்தில் திருப்பி விடாதீர்கள், தெருவில் இறக்கியும் விடாதீர்கள். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த ஏழெட்டு மாத நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது.