ஐந்து திர்ஹம் ஆடை

 

நம் பெண்கள் மதரஸாவிலிருந்து ஒரு சகோதரி சீட்டில் கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். கணவர் கூலி வேலை பார்க்கிறாராம். வருமானம் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகிறது. ஆனாலும் நன்றாக உடுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்டு. பிட்டுத் துணி எடுத்து, நிறம் பார்த்து, தானே தைத்து உடுத்துகிறார். பார்ப்பவர்கள், "வீட்டில் இருக்கிற நிலைமைக்கு இவளுக்கு இந்த அலங்காரம் தேவையா?" என்று பேசுகிறார்களாம். "ஹஜ்ரத், இது துன்யாவின் ஆசையா? இதற்கு மறுமையில் எனக்குக் கேள்வி உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

இங்கே உட்கார்ந்து கேட்பதெல்லாம் ஆண்கள், பேசப்போவது பெண்களின் ஆடையைப் பற்றி. கொஞ்சம் வேடிக்கைதான். இருந்தாலும் அந்த ஆடைக்குக் காசு கொடுப்பவரும், கொடுக்க மறுப்பவரும், கொடுத்துவிட்டு ஒரு மாதம் முணுமுணுப்பவரும் இந்த ஸஃப்பில்தான் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். அந்நிய ஆண்களுக்கு முன் உடல் மறைய வேண்டும், துணி உடலைக் காட்டும் மெல்லியதாக இருக்கக் கூடாது, இறுக்கமாக இருக்கக் கூடாது. நூர், அஹ்ஸாப் அத்தியாயங்களின் வசனங்களை நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து எதுவும் இல்லை. அந்தச் சகோதரி கேட்டது அதுவல்ல. எல்லைக்கு உள்ளே நின்றுகொண்டு, ஓர் ஏழைப் பெண் அழகாக இருக்க ஆசைப்படலாமா என்பதுதான் அவருடைய கேள்வி.

அஃராஃப் அத்தியாயத்தின் 31வது வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதமுடைய மக்களை அழைத்து, தொழுமிடத்திற்கு வரும்போதெல்லாம் உங்கள் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். உண்ணவும் பருகவும் சொல்லிவிட்டு, வீண்விரயத்தைத் தடுப்பதும் அதே வசனத்தில்தான். அடுத்த வசனத்தில், தன் அடியார்களுக்காகத் தான் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடை செய்தவர் யார் என்று கேட்கிறான். இந்த வசனம் எந்தச் சூழலில் இறங்கியது என்று பாருங்கள். அறியாமைக் காலத்தில் குறைஷியர் தங்களை 'ஹும்ஸ்' என்று அழைத்துக்கொண்டார்கள். கஅபாவின் அண்டையில் வாழ்கிறோம், நாங்கள் தனி இனம் என்ற எண்ணம். வெளியூரிலிருந்து ஹஜ்ஜுக்கு வருபவர் குறைஷியரின் ஆடையைப் பெற்றுத்தான் தவாஃப் செய்ய வேண்டும். ஆணுக்கு ஆண் கொடுப்பார், பெண்ணுக்குப் பெண் கொடுப்பார். கொடுக்க ஆள் கிடைக்காதவர் ஆடையின்றியே சுற்ற வேண்டும். உர்வா (ரஹ்) அவர்கள் வழியாக புகாரியில் இந்தச் செய்தி வருகிறது. தவாஃப் செய்ய எனக்கு யார் துணி தருவார் என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே சுற்றியதை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சொல்வது முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. அதையொட்டித்தான் இந்த வசனம் இறங்கியது.

யோசித்துப் பாருங்கள். அலங்காரம் செய்துகொள்ளுங்கள் என்ற கட்டளை பணக்காரர் வீட்டு அலமாரியைப் பார்த்து இறங்கவில்லை. துணி கேட்டு நின்ற, ஆதரவற்ற ஒரு பெண்ணின் நிலையை ஒட்டி இறங்கியிருக்கிறது. ஓர் இனத்தாரின் பெருமைக்காக மற்றவர்கள் மானமிழந்து நின்ற இடத்தில், அல்லாஹ் ஆடைக்கு 'ஜீனத்', அலங்காரம் என்று பெயர் வைத்தான். ஏழைக்கு எதற்கு அலங்காரம் என்று கேட்கிறவர் இந்த வசனத்தை இன்னொரு முறை ஓதிப் பார்க்கட்டும்.

இதைவிட நேரடியான செய்தி ஒன்று உண்டு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைச் சந்தித்த அய்மன் (ரஹ்) அறிவிக்கிறார். புகாரியில் இருக்கிறது. அன்னையவர்கள் 'கித்ர்' என்ற முரட்டுத் துணியாலான, 5 திர்ஹம் பெறுமான ஆடையை அணிந்திருந்தார்கள். தங்கள் பணிப்பெண்ணைக் காட்டி, இவள் இதை வீட்டுக்குள் உடுத்தக்கூட மறுக்கிறாள் என்றார்கள். பிறகு சொன்னார்கள்: நபி (ஸல்) அவர்களின் காலத்தில் இதே துணியில் என்னிடம் ஓர் ஆடை இருந்தது. மதீனாவில் எந்தப் பெண்ணை அலங்கரிக்க வேண்டியிருந்தாலும் என்னிடம் ஆளனுப்பி அதை இரவல் வாங்கிப் போவார்கள்.

இமாம் புகாரி (ரஹ்) இந்த ஹதீஸை அன்பளிப்புகள் பற்றிய பகுதியில், மணப்பெண்ணுக்காக இரவல் வாங்குவது என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். தலைப்பே ஒரு சட்டம். அந்த ஊரின் மணப்பெண்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அழகாகத் தெரிய வேண்டும் என்று இருந்தது. யாரும் அதைக் கண்டிக்கவில்லை. ஆனால் ஆளுக்கொன்று வாங்கவும் இல்லை. முரட்டுத் துணி ஒன்று ஓர் ஊரின் கல்யாண ஆடையாகச் சுற்றி வந்தது.

நம் ஊரில் ஒரு நாள் உடுத்திய நிக்காஹ் புடவை என்ன ஆகிறது? பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் பூட்டி, ஜரிகை கறுத்துப்போன பிறகு எடுத்துப் பார்க்கிறோம். "என் கல்யாணப் புடவையை இன்னொருத்தி கட்டுவதா?" என்கிறோம். உம்முல் முஃமினீன் அவர்களுக்கு வராத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது?

இரவல் வாங்குவது இழிவு என்ற எண்ணம் ஸஹாபாப் பெண்களிடம் இருக்கவில்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் பயணத்தில் தொலைத்த கழுத்து மாலை, அக்கா அஸ்மா (ரலி) அவர்களிடம் இரவல் வாங்கியது. அதைத் தேடியபோதுதான் தண்ணீர் இல்லாத இடத்தில் தொழுகை நேரம் வந்தது, தயம்மும் வசனம் இறங்கியது. பெருநாள் திடலுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஏவியபோது, மேலங்கி இல்லாதவள் என்ன செய்வாள் என்று கேட்கப்பட்டது. அவளுடைய தோழி தன் மேலங்கியிலிருந்து கொடுக்கட்டும் என்றார்கள். உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இது. துணியில்லாதவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லவில்லை. இன்று நம் சகோதரிகள் சிலர் ஒரு வலீமாவுக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் காய்ச்சல் அல்ல. போன மாதம் கட்டிய புடவையே இந்த மாதமும் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். எனக்கு இது நன்றாகவே தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். தனக்குக் கொடுக்கப்படாததைக் கொடுக்கப்பட்டதாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அஸ்மா (ரலி) அவர்களே அறிவிப்பது, புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. அப்படியானால் இரவல் ஆடையும் பொய்தானே? அந்த ஹதீஸின் சம்பவத்தைப் பாருங்கள். ஒரு பெண், தன் கணவர் தராததைத் தந்ததாகச் சக்களத்தியிடம் காட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு வந்த பதில் அது. ஒருத்தியை ஏமாற்றி, அவள் மனதைக் குத்துவதற்காக உடுத்தும் உடை. மதீனாவின் மணப்பெண்ணோ யாரையும் ஏமாற்றவில்லை. அது யாருடைய ஆடை என்று ஊருக்கே தெரியும்.

கவரிங் நகையையும் இந்த அளவுகோலால்தான் பார்க்கிறேன். கழுத்தில் ஒரு கவரிங் சங்கிலி போட்டால் அழகாக இருக்கிறது என்று போடுகிறவரிடம் எந்தக் குற்றமும் இல்லை. தங்கம் விற்கிற விலைக்கு அது புத்திசாலித்தனமும்கூட. அதே சங்கிலியைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பவுன் கணக்கில் சேர்த்துச் சொன்னால், அது பொய்யின் ஆடை. இத்தனை பவுன் என்று கேட்டு அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிற மாப்பிள்ளை வீட்டார் ஹராமுக்கு வாசல் திறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. மாலிக் பின் நள்லா (ரலி) அவர்கள் தாழ்ந்த ஆடையோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார்கள். செல்வம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒட்டகம், ஆடு, குதிரை எல்லாம் இருக்கிறது என்றார்கள். அல்லாஹ் தந்திருந்தால் அதன் அடையாளம் உங்கள் மீது தெரியட்டும் என்றார்கள். இல்லாததைக் காட்டுவது பொய் என்றால், இருப்பதை மறைத்து அழுக்காக நிற்பது நன்றிகேடு. உம்முத் தர்தா (ரலி) அவர்கள் கவனிப்பாரற்ற கோலத்தில் இருப்பதைப் பார்த்த ஸல்மான் (ரலி) காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு உலகத்தில் நாட்டமில்லை என்று பதில் வந்தது. ஸல்மான் (ரலி) அந்தப் பெண்மணிக்குப் புத்தி சொல்லவில்லை. அபுத் தர்தா (ரலி) அவர்களைப் பிடித்து உட்கார வைத்து, உம் மனைவிக்கும் உம்மீது உரிமை உண்டு என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். இரவெல்லாம் தொழுத ஒரு ஸஹாபிக்கே இந்த நிலை. இஷாவுக்குப் பின் டீக்கடையில் உட்கார்ந்து 20,000 ரூபாய் கைபேசியைத் தடவிக்கொண்டு, மனைவி 600 ரூபாய்க்குச் சுடிதார் கேட்டால் 'இஸ்ராஃப்' என்று அரபியில் பதில் சொல்பவரை என்னவென்று சொல்வது?

பெருமை எங்கே இருக்கிறது என்பதையும் நாயகம் (ஸல்) அவர்களே காட்டிவிட்டார்கள். தன் ஆடையும் காலணியும் நன்றாக இருக்க வேண்டும் என்று ஒருவர் விரும்புகிறாரே, அது பெருமையா என்று கேட்கப்பட்டது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகப் பார்ப்பதும்தான் பெருமை என்று விளக்கினார்கள். ஆக, பெருமையைத் துணியில் தேடினால் கிடைக்காது. 500 ரூபாய்ப் புடவை கட்டியவளிடம் அது இல்லாமல் இருக்கலாம், அவளைப் பார்த்து, "இவளுக்கு இது தேவையா?" என்று எடைபோட்டவளிடம் இருக்கலாம். சாதாரண கறுப்பு அங்கி அணிந்துகொண்டு, கல் வைத்த புர்கா போட்டவளை ஏளனமாகப் பார்ப்பவளிடமும் இருக்கலாம். நம் பாட்டிமார்கள் வெள்ளைத் துப்பட்டி போட்டுக்கொண்டு போனபோது, பணக்கார வீட்டுப் பெண்ணா ஏழை வீட்டுப் பெண்ணா என்று தெருவில் சட்டென்று சொல்ல முடியாது. இன்று புர்காவிலேயே துபாய் மாடல், நிதா துணி, கை வேலைப்பாடு என்று தரம் பிரித்துவிட்டோம். மறைப்பதற்காக வந்த ஆடை வசதியைக் காட்டும் ஆடையாகிவிட்டது.

இனி நான் சொல்வது ஃபத்வா அல்ல, என் அபிப்பிராயம். துணி விஷயத்தில் பாதி என் வீட்டார் சொல்லிக் கேட்டது. கல் ஒட்டிய மலிவு அங்கி நாலு துவைப்பில் கல் உதிர்ந்து, அதைவிட மோசமாகத் தெரியும். அந்தப் பணத்தில் வேலைப்பாடு இல்லாத நல்ல துணி ஒன்று எடுத்து, அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டால் பல பெருநாள் தாங்கும். நிறம் பொருந்தி, தையல் சரியாக விழுந்து, இஸ்திரி போட்ட பருத்தித் துணிக்கு இருக்கிற மரியாதை விலைச் சீட்டால் வருவதில்லை. ரமளானின் கடைசிப் பத்தில் கடைவீதியில் இடிபடுவதை விட, ஷஅபானிலேயே எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டால் விலையும் குறைவு, இரவுத் தொழுகையும் மிஞ்சும். வாரக் கடன்காரரிடம் வட்டிக்கு வாங்கிப் பெருநாள் துணி எடுப்பது மட்டும் வேண்டாம். பகரா அத்தியாயத்தில் வட்டியை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிக்கிறார்கள். அந்தத் துணியை உடுத்திக்கொண்டு தக்பீர் சொல்ல எப்படி மனம் வரும்?

நபி (ஸல்) அவர்களிடம் ஒருமுறை வேலைப்பாடுள்ள ஒரு சிறிய கறுப்பு ஆடை வந்தது. உம்மு காலித் என்ற சிறுமியை அழைத்துவரச் சொல்லி, தங்கள் கையாலேயே அணிவித்தார்கள். அவள் அபிசீனியாவில் பிறந்து வளர்ந்தவள். அந்த வேலைப்பாட்டைக் காட்டி, அழகாக இருக்கிறது என்பதை அவளுக்குப் பழக்கமான அந்த ஊர் மொழியில், 'ஸனா' என்று சொன்னார்கள். ஒரு குழந்தையின் புது ஆடையைப் பாராட்ட அவளுடைய மொழியைத் தேடிய நாயகம் அவர்கள்! கூடவே ஒரு துஆவும் செய்தார்கள். உடுத்து, பழசாகிக் கந்தலாகும் வரை உடுத்து என்று வரும் துஆ. பாராட்டும் சிக்கனமும் ஒரே நேரத்தில் அந்தக் குழந்தைக்குக் கிடைத்தன.

ஆகவே சீட்டு அனுப்பிய சகோதரிக்கு என் பதில்: பிட்டுத் துணியில் நீங்கள் தைத்து உடுத்துவது உங்கள் கைத்திறமை, அல்லாஹ் தந்த நிஃமத். அதற்காக மறுமையில் அஞ்ச வேண்டிய விஷயமாக எனக்கு எதுவும் தெரியவில்லை. முடிந்தால் மதரஸாப் பிள்ளைகளுக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள்.

ஜமாஅத்தார்களுக்கு ஓர் அறிவிப்பு. பெண்கள் மதரஸாவில் ஒரு பீரோ காலியாக இருக்கிறது. நிக்காஹ் புடவை, வலீமா உடை, நல்ல நிலையில் உள்ள அங்கி ஆகியவற்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, வியாழக்கிழமை அஸருக்குப் பின் உஸ்தாத் பீயிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தேவைப்படுகிற யாரும் வாங்கிப் போகலாம், உடுத்திவிட்டுத் திருப்பித் தரலாம். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று பேரேடு எழுதப்படாது. முதல் புடவை என் வீட்டிலிருந்து வருகிறது. அல்லாஹ் கபூல் செய்வானாக! ஆமீன்.