ஒரே தாம்பாளத்தில்

சோறு போடுவது எளிது. போட்ட சோற்றில் நாமும் கைவைத்து, வந்தவரோடு ஒரே தட்டில் உண்பது எளிதல்ல. ஹைதராபாத் பழைய நகரின் தென்பகுதியில், சந்திராயன்குட்டாவை அடுத்த பார்க்கஸில் ஓர் இரவு தங்கியதிலிருந்து இந்த வேறுபாடு என் மனத்தை விட்டு அகலவில்லை.

நிஜாமின் அரபு வீரர்கள் குடியிருந்த இடம் பார்க்கஸ். பாலையும் பள்ளத்தாக்குமான ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். ஹைதராபாத்தில் ஜமேதார் என்னும் படைத்தலைவராகப் பொருள் சேர்த்த குஐத்தி குடும்பத்தார் ஊர் திரும்பி ஓர் அரசையே நிறுவினார்கள். அது 1967 வரை நீடித்தது. பார்க்கஸில் இருந்தவர்களுக்கு அந்த யோகம் இல்லை. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்ததும் நிஜாமின் படை கலைந்தது, வேலை போயிற்று. எஞ்சியவர்களின் பேரர்கள் இன்று உருது பேசுகிறார்கள், லுங்கி கட்டுகிறார்கள், காலையில் கோதுமையும் இறைச்சியும் குழைய வெந்த ஹரீஸ் உண்கிறார்கள்.

அன்று மழை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி எதுவும் ஓடவில்லை. நண்பர் என்னைத் தன் பெரியப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அந்தப் பெரியவருக்கு என்னைத் தெரியாது. பெயர் சொல்ல வாயெடுத்தேன். “பைலே கானா, பேட்டா” என்றார், முதலில் சாப்பாடு. தஸ்தர்கான் என்னும் உணவு விரிப்பை விரித்து, நடுவில் ஒரு பெரிய தாம்பாளம் வைத்தார்கள். நீளமான அரிசிச் சோறு, அதன்மேல் வெந்து நெகிழ்ந்த ஆட்டிறைச்சி. பெரியவர், அவருடைய இரண்டு மகன்கள், நான். இறைச்சியில் நல்ல துண்டுகளை அவர் தன் கையால் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.

என் விரல்கள் தயங்கின. எச்சில் என்று சிறுவயதிலேயே மனத்தில் விழுந்த கோடு அது. நம் விருந்தில் ஆளுக்கொரு இலை. பக்கத்து இலைக்கும் நம் இலைக்கும் நடுவே எப்போதும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் தூய்மை கொஞ்சம், சாதி நிறைய. வழிப்போக்கனுக்குத் திண்ணை தந்த ஊர்கள்தான், யார் திண்ணை ஏறலாம் என்பதையும் தீர்மானித்தன. காங்கிரஸ் நிதியும் பெற்று வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், 1920களில், பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப்பந்தி இருந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்தபோது பிள்ளைகள் யாரும் பட்டினி கிடக்கவில்லை. எல்லாருக்கும் சோறு கிடைத்தது. அவர்கள் கேட்டது அதைவிடப் பெரியது. 1867இல் வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் தொடங்கியபோது பசித்தவரிடம் சாதி கேட்கவில்லை என்பதை நினைத்தால் மனம் நிறைகிறது. ஆனால் அந்த அடுப்பு நம் வீடுகளின் உள்ளே வரவில்லையே.

அந்தப் பெரியவரின் முன்னோர் வந்த அரபு மண்ணில், பாலைவன பதூயின் மக்களிடம் ஒரு மரபு உண்டு: வந்தவரை மூன்று நாள் வைத்துக் காப்பாற்றிய பின்பே, வந்த காரியம் கேட்பார்கள். அடுத்த கிணறு எங்கோ இருக்கும் நிலத்தில் இன்று உபசரிப்பவன் நாளை இன்னொருவன் கூடார வாசலில் நிற்கக்கூடும். தேவையிலிருந்து பிறந்த அறம்தான். அதனால் அது குறைந்துவிடவில்லை. அதைவிட எனக்கு வியப்பளிப்பது, தேவை தீர்ந்து, கிணறும் கூடாரமும் இல்லாத ஒரு மாநகரத் தெருவில், பட்டாளத்து வேலையும் பறிபோன பிறகு, அந்தப் பழக்கத்தின் சாயல் ஒரு முதியவரின் கையில் மிஞ்சியிருப்பது. சமைத்த பெண்களை மட்டும் நான் பார்க்கவேயில்லை. நன்றியைப் பெரியவரிடம்தான் சொல்ல முடிந்தது. அது போய்ச் சேரவேண்டிய இடம் உள்ளறை.

அன்று நான் உண்ட அந்தச் சோறும் இறைச்சியும், மந்தி என்ற பெயரில், இப்போது ஹைதராபாத் முழுவதும் கிடைக்கிறது, சென்னையிலும்தான். நாலு பேர் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து உண்கிறார்கள். பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஆனால் அந்த நாலு பேரும் ஏற்கெனவே நண்பர்கள். பார்க்கஸில் நான் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் பெரியவர் என் பெயரைக் கேட்டார்; அடுத்த கேள்வி, வீட்டுக்குத் தகவல் சொல்லிவிட்டேனா என்பது. சாதி, மதம், சம்பளம் எதையும் காலைவரை அவர் கேட்கவில்லை. வாடகை வீடு தேடி இதே நகரில் நான் ஏறிய படிகளில் எல்லாம், கதவு திறக்கும் முன்பே அந்தக் கேள்விகள்தான் வந்தன.