நாட்டுப்பற்றும் நாவின் வேகமும்

பிறந்த மண்ணை நேசிப்பது மனித இயல்பு. மக்காவைப் பிரிய நேர்ந்தபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வூரின் மீது தமக்கிருந்த அன்பை வெளியிட்டதை நாம் அறிவோம். எனவே, நாட்டுப்பற்று கூடுமா, கூடாதா என்பதல்ல கேள்வி. அந்தப் பற்று அறிவின் கண்ணைக் கட்டிவிடலாமா என்பதே கேள்வி.

இதை நையாண்டியாகக் கேட்டவர் அமெரிக்கக் கவிஞர் ஈ.ஈ. கம்மிங்ஸ். 1926இல் வெளிவந்த அவரது தொகுப்பில் 14 வரிக் கவிதை ஒன்று உண்டு. மேடைப் பேச்சாளன் ஒருவன் அதில் முழங்குகிறான். தேசப் பாடல்களைப் பாதி பாதியாகப் பிய்த்து வீசுகிறான், ஒன்றையும் முடிப்பதில்லை. போரில் மாண்ட இளைஞரைப் புகழ்கிறான். அவர்கள் யோசிக்காமல் மாண்டதுதான் அவனுக்குப் பெருமை! கடைசி வரியில் அவசரமாக ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிறான். அவ்வளவுதான். கவிஞர் அவனை ஒரு சொல்லாலும் ஏசவில்லை. அவன் பேச்சே அவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. மாண்டவருக்குப் போனது உயிர். முழங்கியவனுக்கு வறண்டதோ தொண்டை மட்டும்!

கம்மிங்ஸ் கடமைக்கு அஞ்சியவரா? இல்லை. முதல் உலகப் போரின்போது, 1917இல், தாமே முன்வந்து பிரான்ஸில் ஆம்புலன்ஸ் பணியில் சேர்ந்தவர். நண்பர் எழுதிய கடிதங்களால் சந்தேகம் எழவே, பிரெஞ்சு அதிகாரிகள் இருவரையும் பிடித்தனர். ஜெர்மானியரை வெறுக்கிறீரா என்று விசாரணையில் கேட்டனர். பிரெஞ்சு மக்களை மிகவும் நேசிப்பதாகச் சொன்னாரேயன்றி, வெறுக்கிறேன் என்று சொல்ல அவர் இணங்கவில்லை. சுமார் 3 மாதங்கள் காவலில் இருந்தார். நேசத்தை மெய்ப்பிக்க வெறுப்பைச் சாட்சிக்கு அழைக்க வேண்டுமா, என்ன?

தம் கூட்டத்தாரை நேசிப்பது இனவெறியாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் கேட்டார். ஆகாது, அநியாயத்தில் அவர்களுக்குத் துணை நிற்பதே இனவெறி என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாக இப்னுமாஜாவில் காண்கிறோம். அநீதி செய்யும் சகோதரனின் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பதும் அவர்கள் தந்த போதனையன்றோ?

அந்த மேடைப் பேச்சாளன் அமெரிக்காவில் மட்டும் இல்லை. நம் ஊர், நம் ஜமாஅத், நம் குடும்பம் என்று வந்தால் நம் நாவிலும் அவன் ஏறி அமர்ந்துகொள்வான். பிள்ளைகளுக்கு நாட்டை நேசிக்கக் கற்றுக்கொடுப்போம். நம்மவர் தவறும்போது ‘இது தவறு’ என்று சொல்லும் துணிவையும் சேர்த்தே கற்றுக்கொடுப்போம்.